பத்தொன்பது மூக்கு

இல்லம்மா, இடது கை. இடது கையை முதல்ல சட்டைக்குள்ள விடணும், அப்புறம் தலை, கடைசியா வலது கை. வலதுல ஆரம்பிச்சீங்கன்னா நான் சட்டைக்குள்ளயே மாட்டிக்குவேன். நேத்து வந்தவங்க அப்படித்தான் மாட்டி விட்டுட்டாங்க. கால் மணி நேரம் துணிக்குள்ள இருந்தே பேசிட்டிருந்தேன், அவங்களும் வெளிய நின்னு ம், ம்னு கேட்டுட்டிருந்தாங்க. மெதுவா... அந்த முழங்கை சட்டுன்னு மடங்காது, அதுக்கு அவசரம்னா பிடிக்காது. ஆங், அப்படித்தான். நல்லா வருதே உங்களுக்கு. நாளைக்கு வேற யாரோ வரப் போறாங்க, அதுக்குள்ள நீங்க எதுக்கு இவ்வளவு நல்லாக் கத்துக்குறீங்கன்னுதான் தெரியல.

நீங்க பத்தொன்பதாவது ஆளு, தெரியுமா. எண்ணிட்டு வர்றேன். கழுத்துக்கு மேல இருக்கிறதை மட்டும்தான் எனக்குன்னு விட்டு வெச்சிருக்கு, அதை வெச்சு எண்ணலாம், பேசலாம், வேற என்ன பண்றது. இருபத்தோரு நாள்ல பத்தொன்பது பேர். யாரு வந்தா, யாரு போனா, ஒண்ணும் தெரியல. எல்லாருக்கும் இதே வெள்ளைக் கோட்டு, இதே மாஸ்க்கு, அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் தகடு. ஒருத்தங்க ரொம்ப மென்மையாத் தலை துவட்டி விட்டாங்க. மறுநாள் வந்தவங்ககிட்ட 'நேத்து மாதிரியே துவட்டுங்கம்மா'ன்னு சொல்றேன், 'நேத்து நான் வரலையே'ங்கிறாங்க. யாரு என்னைக் குளிப்பாட்டுறாங்கன்னே தெரியாம குளிச்சிட்டிருக்கேன். கூச்சம் எல்லாம் எப்பவோ போச்சு, ஆனா யாருகிட்ட போச்சுன்னாவது தெரிய வேண்டாமா.

கேட்டா, பாதுகாப்பு. அந்த ஒரு வார்த்தை போதும் அவங்களுக்கு. ஆறு வருஷமா இங்க ஒருத்தி வந்துட்டிருந்தா. ஒரே ஒருத்தி. தொற்று பரவுற காலத்துல அவ மூக்கு ஆபத்துன்னு அவளை நிறுத்திட்டு, பத்தொன்பது மூக்கை அனுப்பியிருக்காங்க. பத்தொன்பது பேரும் பத்தொன்பது பஸ்ல ஏறி, கம்பியைப் பிடிச்சு, வேற வேற வீட்டுக் கதவைத் தொட்டுட்டு இங்க வர்றாங்க. உங்களை எல்லாம் அனுப்புற ஆபீஸ்ல சூப்பர்வைசரம்மாகிட்ட சொன்னேன், கிருமிக்கு என் வீட்டு வழி தெரியாமத்தாம்மா இருந்துச்சு, நீங்கதான் பத்தொன்பது பேரைக் கூட அனுப்பி வழி காட்டியிருக்கீங்கன்னு. 'உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம்'னாங்க. எங்க பதிவு பண்ணாங்களோ.

என்ன அது, ஃபாரமா? போடுங்க போடுங்க, நான் எங்கயும் எழுந்து போயிடப் போறதில்ல. கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம். 'கடந்த பதினாலு நாள்ல எங்கயாவது பயணம் செஞ்சீங்களா?' செஞ்சேனே. கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலில இருந்து கட்டிலுக்கு. ஞாயித்துக்கிழமை ஜன்னல் வரைக்கும் போயிட்டு வந்தேன், அதையும் சேர்த்துக்கோங்க. 'மத்தவங்ககிட்ட இருந்து ஆறடி தள்ளி இருக்கீங்களா?' ஆறடி தள்ளி நின்னா எனக்குப் பல்லு யாரு விளக்கி விடுவா, ஒட்டடைக் கம்புல பிரஷ்ஷைக் கட்டியா? 'அடிக்கடி கை கழுவுறீங்களா?' நீங்கதானேம்மா இப்ப கழுவி விட்டீங்க, இருபது வரைக்கும் எண்ணி. கழுவினவங்களே கழுவினீங்களான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது. ஆமான்னு போடுங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டா சந்தேகப்படுவாங்க, நடுவுல எதுக்காவது ஒரு இல்லை போட்டு வைங்க.

காய்ச்சல் துப்பாக்கியையும் காட்டிருங்க. நெத்தியில வேண்டாம், நெத்தியில வெச்சா எனக்கு முப்பத்திநாலு காட்டும். ஒரு நாள் வந்தவங்க அதைப் பார்த்துட்டு பயந்து போய் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டாங்க, 'இவங்க ஜில்லுன்னு இருக்காங்க, ஆனா பேசிட்டிருக்காங்க'ன்னு. ஆபீஸ்ல 'பேசுறாங்கன்னா அது அவங்கதான், பயப்படாதீங்க'ன்னாங்களாம்.

சிரிக்கிறீங்களா இப்ப? கண்ணு சுருங்குச்சு. சிரிப்பா, தூசி விழுந்துச்சா, அதுகூடக் கண்டுபிடிக்க முடியல என்னால. இருபத்திரண்டு வருஷம் பஸ்ல டிக்கெட் செக்கரா இருந்தவம்மா நான். ஏறும்போதே மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிருவேன், இவன் டிக்கெட் எடுத்தவன், இவன் தூங்குற மாதிரி நடிக்கப் போறவன்னு. வாய் ஓரத்துலதான் எல்லாம் இருக்கு. உண்மையாத் தூங்குறவனுக்கு வாய் லேசாத் திறந்திருக்கும். நடிக்கிறவன் வாயை மூடிக்கிட்டு ரொம்ப மரியாதையாத் தூங்குவான். அந்த வாயையே மூடிட்டீங்கன்னா நான் எதைப் பார்த்து ஆளைத் தெரிஞ்சுக்கிறது. எப்படி இப்படி ஆச்சுன்னு நீங்க கேக்கல, மரியாதை தெரிஞ்சவங்க. எல்லாரும் ஓடுற பஸ்ல இருந்து விழுந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க. நின்னுட்டிருந்த பஸ்ஸும்மா. டிப்போவுல, இஞ்சினைக்கூட அணைச்சிட்டு, சும்மா நின்னுட்டிருந்துச்சு. இறங்கலாம்னு காலை வெச்சேன், படி அங்க இல்ல. பதினோரு வருஷம் ஆச்சு.

நாற்காலிக்கு மாத்தப் போறீங்களா? தனியாவா? இருங்க இருங்க. அந்தத் தூக்குற மெஷினுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மெஷினைத் தள்ள, ஒருத்தர் என் காலைப் பிடிக்க. இது பழைய ரூல். ஒரு ரூம்ல ரெண்டு பேர் சேர்ந்து வேலை பார்க்கக் கூடாது. இது புது ரூல். ரெண்டையும் போட்டது ஒரே ஆபீஸ்தான். இதைத் தீர்த்து வைக்கப் பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர் வந்தாரு. ஷூவுக்கு மேல பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாரு. ரெண்டு எட்டு வெச்சாரு, வழுக்கினாரு, கட்டில் மேல விழுந்தாரு. கட்டில்ல நான் இருக்கேன். ஆறடி சொல்ல வந்த மனுஷன் என் மேல கிடக்குறாரு. எழுந்திரிச்சு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு ஒரு தீர்வு சொன்னாரு பாருங்க. ரெண்டாவது ஆளு வாசப்படிக்கு வெளிய நின்னுக்கலாமாம், அங்க இருந்தே 'ஜாக்கிரதை, ஜாக்கிரதை'ன்னு சொல்லலாமாம். போன வாரம் ரெண்டு பேர் வந்து அப்படியேதான் பண்ணாங்க. நான் மெஷின்ல தொட்டில் துணியில தொங்கிட்டிருக்கேன், என் காலு அது பாட்டுக்கு ஆடுது, வெளிய இருந்து ஒரு குரல் ஜாக்கிரதைங்குது. யாருக்குச் சொல்றாங்க, என் காலுக்கா? அது பதினோரு வருஷமா நான் சொன்னதையே கேக்கல.

வேண்டாம், இன்னைக்குக் கட்டில்லயே இருக்கேன். தலைமாட்டை மட்டும் தூக்கி விடுங்க. இன்னும் கொஞ்சம். போதும். அந்தக் கடிகாரம் தெரியணும் எனக்கு. பதினொண்ணு பத்து ஆச்சு.

பன்னெண்டு வரைக்கும் நான் பேசிட்டேதான் இருப்பேன், இப்பவே சொல்லிடுறேன். பேச்சை நிறுத்தினா மனசு வேற எங்கயோ போகுது. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு அவ ஃபைலை மூடப் போறாங்க. அவதான், ஆறு வருஷமா வந்தாளே. நான் லேட்டம்மான்னு கூப்பிடுவேன். எட்டு மணிக்கு வரணும்னா எட்டு இருபதுக்கு வருவா. மாடிப்படி ஏறும்போதே சத்தம் வந்துரும், 'மகாராணி எழுந்தாச்சா'ன்னு. ஜன்னலைத் திறப்பா, என்னைத் திரும்பிப் பார்ப்பா, 'ஏன் மூஞ்சி உர்ருன்னு இருக்கு'ம்பா. நான் லேட்டா வந்ததுக்குத் திட்டுவேன், அவ பதிலுக்கு என்னைத் திட்டுவா, அது முடியறதுக்குள்ள எனக்குச் சட்டை மாத்தி, தலை வாரி, எல்லாம் ஆகியிருக்கும். எந்தக் கை முதல்லன்னு ஒரு நாளும் அவளுக்கு நான் சொன்னதில்ல. ஆறு வருஷத்துல ஒரு படுக்கைப்புண் வந்ததில்லம்மா எனக்கு. இப்ப வலது குதிகாலைப் பாருங்க, சிவந்திருக்கா? நேத்து வந்தவங்க சொன்னாங்க. எனக்கு வலிக்காது, அதான் பயமா இருக்கு.

யாரோ அவ மேல புகார் குடுத்துட்டாங்க. பாதுகாப்புப் புகாருக்குன்னு ஆபீஸ்ல தனியா ஒரு நம்பர் இருக்கு இல்ல, அதுல. பேரு சொல்ல வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். 'இந்த வீட்டுக்கு வர்றவ மாஸ்க்கை மூக்குக்குக் கீழ இறக்கி விட்டுக்கிறா'ன்னு போன்ல சொன்னாப் போதும், மறுநாளே நிறுத்தி வெச்சிருவாங்க. அப்புறம் விசாரணைன்னு பேரு. யாரும் வந்து விசாரிக்கிறதில்ல, யாரு வந்தாலும் தொற்றாச்சே. புகார் குடுத்தவங்களே பேரைச் சொல்லி வாபஸ் வாங்கினா உண்டு. இல்லைன்னா மூணு வாரம் முடிஞ்ச அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துருவாங்க. நேத்துதான் சூப்பர்வைசரம்மா போன்ல சொன்னாங்க. பேரை எடுத்துட்டா அவ அப்புறம் எந்த வீட்டுக்கும் போக முடியாது, வேற எந்த ஆபீஸ்லயும் சேர்த்துக்க மாட்டாங்க. அம்பத்திமூணு வயசு அவளுக்கு. மனுஷங்களைத் தூக்கி உக்கார வைக்கிறதை விட்டா வேற வேலை தெரியாது. இதுல கெட்டிக்காரி, அதுவும் இல்லைன்னா என்ன பண்ணுவா.

எதிர்வீட்டு ஜன்னல்காரர்தான் குடுத்திருப்பாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். ரிட்டயர் ஆன மனுஷன், காலையில ஜன்னல்ல வந்து உக்கார்ந்தாருன்னா சாயங்காலம்தான் எழுந்திரிப்பாரு. தெருவுல யாரு மாஸ்க் போட்டிருக்கா, யாரு தாடைக்குப் போட்டிருக்கான்னு நோட்டுல எழுதி வெச்சுக்குறாராம். லேட்டம்மாகிட்டயும் அவருதான்னு சொன்னேன். அவ தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணுவா. மூணு ரிங் போனா தானா எடுத்துக்கிற மாதிரி தம்பி செட் பண்ணிக் குடுத்திருக்கான், இந்தா, தலைமாட்டு ஸ்டாண்டுல இருக்கே, அதுதான். எனக்கு வர்ற போன்ல நான் பேசலாம். நான் யாருக்காவது பண்ணணும்னா அதுக்கு ஒருத்தர் கை வேணும். வாயால சொன்னா தானே டயல் பண்ற போனும் வாங்கிக் குடுத்தான். தம்பியைக் கூப்பிடுன்னு சொன்னேன், அது குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுச்சு. அந்த மனுஷன் வந்தும் வந்துட்டாரு, நல்ல வேளை, ஒரு குழாய் ஒழுகிட்டுத்தான் இருந்துச்சு.

ஆறு மணிக்குப் பண்ணா, முதல் கேள்வி, 'குதிகாலுக்குத் தலகாணி வெச்சாங்களா?' வேலை இல்லாம உக்கார்ந்திருக்கிறவ அவ, என் குதிகாலைக் கேக்குறா. நான் உடனே ஜன்னல்காரரைத் திட்ட ஆரம்பிச்சிருவேன். உன் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டானே, அவன் உருப்படுவானா, அவன் நாக்கு அழுகிப் போகன்னு. அரை மணி நேரம் விடாமத் திட்டுவேன். அவ ம், ம்னு கேட்டுட்டே இருப்பா. கடைசில, 'விடுங்க மகாராணி, யாரா இருந்தா என்ன, அவங்களுக்கு என்ன மனக்கஷ்டமோ'ன்னுட்டு வெச்சிருவா. அவளுக்குப் பெரிய மனசு.

அந்த மாத்திரையை எடுங்க. ஒண்ணு ஒண்ணாப் போடுங்க, ரெண்டையும் சேர்த்துப் போட்டா தொண்டையில நிக்கும். ஆ... தண்ணி. ம். புகார்ல என்னென்ன சொல்லியிருக்கு தெரியுமா? மாஸ்க்கு மூக்குக்குக் கீழ, அது ஒண்ணு. காலையில ரெண்டாவது மாத்திரையை வாயில போடும்போது அடுத்தடுத்து மூணு தும்மல், தலையைத் திருப்பினா, ஆனா முழுசாத் திருப்பல. அது ரெண்டு. இடது கை கிளவுஸ்ல கட்டைவிரல் கிட்டக் கிழிசல். கிழியாம என்ன பண்ணும், ஆபீஸ்ல இருந்து வர்ற கிளவுஸ் பூரா குழந்தை சைஸு, அவ கை ஆம்பளைக் கை மாதிரி இருக்கும்...

என்ன அப்படிப் பார்க்குறீங்க. அடுத்த மாத்திரையைப் போடுங்க.

என்ன? ம்... ரெண்டாவது மாத்திரைன்னு எதிர்வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். அந்த ஜன்னல்ல இருந்து பார்த்தா இந்தக் கட்டில் தெரியாது. சுவரும் காலண்டரும்தான் தெரியும்.

கெட்டிக்காரிம்மா நீங்க. பதினெட்டு பேர்கிட்ட இதே கதையைச் சொல்லியிருக்கேன், ஒருத்தரும் இந்த இடத்துல நிறுத்திக் கேக்கல. இருபத்திரண்டு வருஷம் ஊரையே மடக்கிப் பிடிச்சவ, நானே டிக்கெட் இல்லாம மாட்டிக்கிட்டேன் பாருங்க. ஆமா. நான்தான் குடுத்தேன்.

பாதுகாப்புக்காகத்தான் குடுத்தேன்னு சொன்னா நம்புவீங்களா? நம்ப மாட்டீங்க, வேண்டாம். ஒரு ஆளு ஒரு வீட்டுக்குத்தான் போகணும்னு முதல்ல ரூல் போட்டாங்களா. அப்புறம் ஆளு பத்தலைன்னு, சில பேருக்கு மட்டும் ரெண்டு வீடுன்னாங்க. லேட்டம்மாவுக்கு இன்னொரு வீடு விழுந்துச்சு. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், பக்கவாதம் வந்து படுத்தவங்க. எனக்கு அவ்வளவு தெரிஞ்சாப் போதும். ஆனா அவ விட்டாளா? 'டீச்சர் இன்னைக்கு ரெண்டு அடி நடந்தாங்க மகாராணி.' 'டீச்சருக்குப் பேச்சுதான் வரல, பாட்டு வருது, எனக்குப் பாடிக் காட்டினாங்க.' 'எவ்வளவு பொறுமைங்கிறீங்க, ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாங்க.' பேச்சே வராதவங்க எப்படிம்மா குறை சொல்வாங்க? சட்டை மாத்தும்போது டீச்சர், தலை வாரும்போது டீச்சர். பல்லு விளக்கி விடும்போதுதான் ரொம்பச் சொல்லுவா, வாயில பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு நான் என்ன பதில் சொல்றது. ரெண்டு அடி நடந்தாங்களாம். ஆறு வருஷத்துல நான் ஒரு அடி நடந்து காட்டியிருக்கேனா இவளுக்கு. அவங்களுக்கு ஏதோ நரம்புல கொஞ்சம் மிச்சம் இருக்கு, எனக்கு இல்ல. அது என் தப்பா?

புகார் குடுத்த அன்னைக்கு எட்டு இருபது ஆச்சு, எட்டே முக்கால் ஆச்சு, வரல. விடிஞ்சதுல இருந்து ஒரே பக்கமாப் படுத்துட்டிருக்கேன், தொண்டை காஞ்சு போச்சு, கீழ நனைஞ்சு வேற கிடக்கு. ஒம்பதே காலுக்கு வந்து நிக்கிறா, மூச்சு வாங்குது. 'டீச்சர் கீழ விழுந்துட்டாங்க, தூக்கி உக்கார வெச்சிட்டு வர்றேன்'னா. அப்பதான் எனக்குத் தெரியுது, அவ முதல்ல அங்க போயிட்டுத்தான் இங்க வர்றா. எத்தனை நாளா அப்படியோ. விழுந்தவங்களைத் தூக்காம வர முடியுமா, அது இப்ப புரியுது. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் புரியல. நாக்குல அவ்வளவு கசப்பு.

மாஸ்க்கு ஏன் கீழ இருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன், எதுக்கு மிச்சம் வைக்கணும். இறக்கச் சொன்னதே நான்தான். மாசக்கணக்கா தினமும் சொல்வேன், 'அதை இறக்குடி, உன் மூஞ்சியைப் பார்க்காம எனக்கு டீ தொண்டையில இறங்க மாட்டேங்குது'ன்னு. முடியாதும்பா, ரூலும்பா. நான் வாயை இறுக்கி மூடிக்குவேன், டீ ஆறிப் போகும். அப்புறம் அவளே ஜன்னல் ஓரமாத் தள்ளிப் போய் நின்னு, ஒரே ஒரு நிமிஷம் இறக்கிக் காட்டுவா. 'பார்த்தாச்சா, போதுமா'ன்னுட்டு ஏத்திக்குவா. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் புகார்ல சொன்னேன். மூணு தும்மலும் நிஜந்தான், ஆனா மாஸ்க்குக்குள்ளயேதான் தும்மினா. என் போர்வையை உதறுனா, அந்தத் தூசிதான்.

நிறுத்திருவாங்கன்னு நினைக்கலம்மா. ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு சத்தம் போடுவாங்க, கொஞ்சம் பயப்படுவா, மறுநாள் டாண்ணு எட்டு மணிக்கு வந்து நிப்பான்னு நினைச்சேன். டீச்சர் வீட்டை வேற யாருக்காவது மாத்தி விட்டுருவாங்கன்னும் நினைச்சேன், அதை எதுக்கு மறைக்கணும். இப்ப டீச்சருக்கும் அவ இல்ல. அங்கயும் தினம் ஒரு புது ஆளு போயிட்டிருப்பாங்க. எந்தக் கை முதல்லன்னு நானாவது வாயால சொல்லிடுறேன். அவங்க எப்படிச் சொல்வாங்க, பாடியா?

தம்பிகிட்ட சொன்னேனான்னா கேக்குறீங்க? இல்ல. 'அக்கா, நீயா?'ன்னு கேப்பான். அந்தக் கேள்வி தாங்காது எனக்கு.

வாபஸ் வாங்கணும்னா பேரு சொல்லணும். சொன்னா அவளுக்குத் தெரிஞ்சு போகும். மூணு வாரமா அவகிட்டயே ஜன்னல்காரரை அந்தத் திட்டு திட்டியிருக்கேன், அப்புறம் இந்த மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது. தெரிஞ்சா அந்த ஆறு மணிப் போன் நின்னுரும். எனக்குன்னு அது ஒண்ணுதாம்மா பாக்கி இருக்கு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளித் தள்ளி... மணி என்ன? பதினொண்ணு நாப்பதா. முள்ளு ஓடுது பாருங்க, மத்த நாள்ல நகரவே நகராது.

அந்தப் போனை எடுங்க. ஆமா, இப்பவே. இதுக்கு மேல பேசிட்டிருந்தா பன்னெண்டு ஆயிரும், ஆகட்டும்னுதான் பேசிட்டிருந்தேன்னு நினைக்குறேன். நம்பர் சொல்றேன், போடுங்க. போன மாசம் ஆபீஸ்ல இருந்து ஒரு ரெக்கார்டு போன் வந்துச்சு, அதுல புகார் நம்பரை ஒரு தடவை சொன்னாங்க, நம்பர்னா எனக்கு மறக்காது. ஏழு... நாலு...

இருங்கம்மா, நான் இன்னும் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள போட்டுட்டீங்களே. மீதி நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே மனப்பாடம் பண்ண வெச்சிருவாங்களா. எல்லாரையுமா. இது இந்தத் தொற்றுக்கு அப்புறம் வந்த பழக்கமா? ... பத்து வருஷமாவா.

பாட்டு ஓடுது. 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை, தயவுசெய்து காத்திருக்கவும்.' காத்திருக்கேன்.

இல்லம்மா, அது என்னன்னா... அன்னைக்கு இந்த நம்பரை யாரு போட்டான்னு நினைக்குறீங்க. எனக்கு ஏது கை. அவதான் போட்டா. லேட்டம்மாதான். மருந்துக் கடைக்குப் பேசணும், நம்பர் சொல்றேன், போடுன்னு சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா நிறுத்தி நிறுத்திப் போட்டா. என்னைப் பார்த்துப் பார்த்துப் போட்டா. நடுவுல ஒரு தடவை, 'மருந்துக் கடைக்குத்தானே மகாராணி'ன்னு கேட்டா. ஆமான்னேன். ஸ்டாண்டுல போனை வெச்சு, என் வாய்க்கு நேரா திருப்பி விட்டா. 'பேசுங்க, நான் வெளிய நிக்குறேன்'னு கதவைச் சாத்திட்டுப் போனா. மருந்துக் கடைக்குப் பேசுறதுக்கு இவ எதுக்கு வெளிய போறான்னு எனக்குத் தோணவே இல்ல, நல்லதாப் போச்சுன்னு இருந்தேன். பேசி முடிச்சதும் உள்ள வந்து டீ குடுத்தா. மாஸ்க்கை நல்லா மேல இழுத்து விட்டுட்டு வந்தா. இறக்குன்னு அன்னைக்கு நான் சொல்லல.

நீங்க எங்க போறீங்க?

ஓ. இந்த நம்பர்ல நாங்க பேசும்போது நீங்க ரூம்ல நிக்கக் கூடாதா. அதுவும் ரூலா.

அப்போ அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் போட்டுக் குடுத்திருக்கா. தெரிஞ்சுக்கிட்டே இருபது நாளா ஆறு மணிக்கு... நான் அந்த மனுஷனைத் திட்டத் திட்ட, ம் ம்னு கேட்டுட்டு... ஐயோ. நாக்கு அழுகிப் போகன்னு வேற சொன்னேனே.

இல்ல, நீங்க போங்க. இங்க நின்னீங்கன்னா உங்களையும் நிறுத்திருவாங்க. கதவை மட்டும் சாத்தாதீங்க.

ஹலோ. ஆமாம்மா, புகார் விஷயம்தான். புதுசு இல்ல, பழசு, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு மூடப் போறீங்களே, அது. வாபஸ் வாங்கணும். நான்தான் குடுத்தேன். யாருன்னா, அந்த ஃபைல்லயே முதல் வரியில என் பேரு இருக்கும் பாருங்க, 'பாதுகாக்கப்பட வேண்டியவர்'னு போட்டிருப்பீங்களே, அதுக்குப் பக்கத்துல. ஆமா, அந்தம்மாவேதான். கட்டில்ல இருந்துதான் பேசுறேன். மணி பதினொண்ணு நாப்பத்தேழு, அதையும் எழுதிக்கோங்க, அப்புறம் நேரமாயிருச்சுன்னு சொல்லக் கூடாது.

சரி. அப்போ பேரை எடுக்க மாட்டீங்க. நாளையில இருந்தே வேலைக்குப் போகலாம். சரிம்மா, ரொம்ப நல்லது.

என்னது? ... இங்க மட்டும் அனுப்ப மாட்டீங்களா. புகார் குடுத்த வீட்டுக்கு மறுபடி அதே ஆளை அனுப்பக் கூடாதா. எதுக்கும்மா அப்படி? ... அவங்க பாதுகாப்புக்காகவா. யாருகிட்ட இருந்து, என்கிட்ட இருந்தா.

இல்ல, இல்ல, நல்ல ரூல்தான். இத்தனை ரூல்ல இது ஒண்ணு ஒழுங்கா யோசிச்சுப் போட்டிருக்கீங்க. அந்த டீச்சர் வீடு? அங்க போகலாமா. நாளைக்கேவா... போகட்டும். காலையில முதல்ல அங்கயே போகட்டும். லேட்டாகாமப் போகச் சொல்லுங்க.

காரணம் வேணுமா? வாபஸ் வாங்குறதுக்கும் காரணமா. உங்ககிட்ட என்னென்ன இருக்கு, படிங்க. 'தவறுதலாகப் புரிந்துகொண்டது.' அது இல்லம்மா, புரிஞ்சுதான் பண்ணேன். 'ஞாபகப் பிழை.' எனக்கு ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. 'இரு தரப்பும் சமரசம்.' அதுக்கு அவ வரணுமே. அவ்வளவுதானா? பொறாமைன்னு ஒண்ணு இருக்கா பாருங்க. ... கீழ வரைக்கும் பார்த்துட்டீங்களா. இல்லையா. சரி, அப்போ 'இதர'ல போட்டுக்கோங்க.